குமரனுக்கு அப்பா எழுதுவது

சுங்கை சிப்புட்

அன்பு மகன் குமரனுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். அம்மா கால்வலி பரவாயில்லை. கீழ் லயத்தை இடித்துச் செம்பனை நட்டுவிட்டார்கள். அப்பனுக்கும் மகனுக்கும் ஒரே ஜெயில் வார்டர் உடுப்பு என்று ஒட்டுக்கடையில் இன்னும் பெருமையாகப் பேசுகிறார்கள். நீதான் போன் எடுப்பதில்லை. ஷிப்ட் என்று மருமகள் சொன்னாள். சரி.

1986-இல் கோலாலம்பூர் பூடு ஜெயிலில் கைதிகள் டாக்டரையும் லேப் ஆளையும் ஆறு நாள் பிணை பிடித்து வைத்தார்களே, அதை நினைத்தே அம்மா பயப்படுகிறாள். எனக்கு அந்தப் பயமில்லை. வார்டர் கெடுவது சின்ன உதவியில். "சார், வீட்டுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லுங்க" என்பான் ஒரு கைதி. பாவமாக இருக்கும். செய்தால் அடுத்த வாரம் புகையிலை கேட்பான். மறுத்தால் அந்தப் போனைச் சொல்லியே மிரட்டுவான். முடியாததை முதல் நாளே, காரணத்தோடு முடியாது என்று சொல். பார்க்கிறேன் என்றால் அந்த ஷிப்ட் முடிவதற்குள் பதிலோடு போ. பதில் கிடைக்காதவன்தான் பிளாக்கையே கிளப்பிவிடுவான்.

எண்ணும்போது தலையை மட்டும் எண்ணாதே, முகத்தையும் பார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்தவன் ஒன்று சண்டைக்கு நிற்பான், இல்லை சோற்றைத் தொடமாட்டான். அன்றைக்கு அவனிடம் சட்டம் பேசாதே. சோப்பு, பிஸ்கட் எல்லாம் பக்கத்தில் இருப்பவனுக்குத் தூக்கிக் கொடுத்தால் அப்போதே மேலே சொல்லிவிடு. உயிரை விட நினைப்பவன் சில சமயம் அப்படிச் செய்வான்.

வருஷக்கணக்கில் உள்ளே இருந்தவன் வெளியே வந்தும் கதவுக்கு முன்னால் நிற்பான், யாராவது திறக்கட்டும் என்று. பூட்டுகிறவனுக்கும் அந்தப் பழக்கம் ஒட்டும். கடையில் சுவரோரமாகத்தான் உட்காருவான். வீட்டில் பேச்சு குறையும், பேசினால் உத்தரவு.

தீபாவளிக்கு வந்தபோது கவின் சோற்றுத் தட்டுக்கு முன்னால் எழுந்து நின்று, "அப்பா, போகலாமா?" என்று கேட்டானே. ஐந்து வயசு. நல்ல வளர்ப்பு என்று அம்மா மெச்சினாள்.

ஷிப்ட் முடிந்ததும் உடுப்பை அங்கேயே மாற்று. நேராக வீட்டுக்குப் போகாதே. வார்டர்கள் கூடாத கடையாகப் பார்த்து அரை மணி தேத்தண்ணி குடி. பிளாக்கில் நடந்ததைப் பெயர் சொல்லாமல் மருமகளிடம் சொல். அடக்கி வைத்துக்கொண்டு குடியில் இறங்கியவர்களைத் தைப்பிங் ஜெயிலில் நிறையப் பார்த்தாயிற்று. மறுபடியும் சொல்கிறேன், உடுப்பை அங்கேயே மாற்று.

ஆஃப் நாளில் போன் போடு. மருமகளையும் பேச விடு. அவள் பேசும்போது பாதியில் போனை வாங்காதே.

அப்பா