ரக்பிக்காரர் இல்லை, ஐயா

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழின் விளையாட்டுப் பக்கத்தில் ரொன் பராசியை 'முன்னாள் ரக்பி வீரர்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு இரண்டாம் தடவை வாசித்துப் பார்த்தேன். ரக்பியேதான்.

பராசி ஆடியது ஃபுட்டி, அதாவது ஆஸ்திரேலிய ஃபுட்பால். ஆஸ்திரேலியாவில் ரக்பி எந்தப் பக்கம், ஃபுட்டி எந்தப் பக்கம் என்று பிரித்து 1978இல் வரலாற்றாசிரியர் இயன் டர்னர் ஒரு கோடு கிழித்தார். மெல்பேர்ண், அடிலெய்ட், பேர்த் ஃபுட்டிப் பக்கம். சிட்னி, பிரிஸ்பேன் ரக்பிப் பக்கம். கோட்டுக்குப் பெயரே பராசி கோடு. உங்களுக்குத் தெரியாததா? எல்லைக்கல்லையே பிடுங்கிப் பக்கத்து வளவில் நட்டுவிட்டீர்கள்.

நான் 1986இல் இங்கு வந்து ட்ராம் கண்டக்டராகச் சேர்ந்தவன். சனிக்கிழமைகளில் கழுத்தில் கம்பளிச் சால்வையோடு ஏறும் கூட்டத்தில் டிக்கெட் கொடுக்கக் கை அசையாது. எங்கள் டிப்போவில் ஒரு கிழவர் இருந்தார், பராசி ஆடிய மெல்பேர்ண் ஃபுட்டி கிளப்பில் பைத்தியம். பராசியின் 31ஆம் இலக்கச் சட்டை என்று தொடங்கினால் போதும். பராசியின் தகப்பன் 1941இல் லிபியாவின் டோப்ருக்கில் போரில் இறந்தது, பயிற்சியாளர் நோர்ம் ஸ்மித் மகனைக் கோபர்க்கில் தன் வீட்டோடு வைத்துக்கொண்டது, ஆட்டக்காரனாக ஆறு கோப்பை வென்றது என்று ஒன்றுவிடாமல் சொல்வார். 1964க்கு வந்ததும் வாயை மூடிக்கொள்வார். அந்தப் பருவம் முடிந்ததும்தான் பராசி எதிரணியான கார்ல்டனுக்குப் போனார், அணித் தலைவரும் பயிற்சியாளருமாக. 1981இல் திரும்பி வந்து மெல்பேர்ணுக்கே பயிற்சி கொடுத்தும் கிழவர் மன்னிக்கவில்லை. பிள்ளை வீட்டை விட்டு ஓடிப்போன மாதிரிக் கோபம்.

1970 இறுதியாட்டத்தை அவரிடம் கேட்கவே முடியாது. 121,696 பேர் பார்த்திருக்க, கொலிங்வுட் அணி இடைவேளையில் கார்ல்டனை விட 44 புள்ளி முன்னால். பராசி தன் ஆட்களிடம் பந்தைக் கையால் தட்டிக் கொடுத்துக்கொண்டே ஓடச் சொன்னார். வாங்கில் குந்தியிருந்த டெட் ஹொப்கின்ஸை இறக்கினார். அவர் நான்கு கோல் போட்டார். கார்ல்டன் 10 புள்ளியால் வென்றது. அதற்கு முன் கார்ல்டனோடு 1968, அப்புறம் நோர்த் மெல்பேர்ண் கிளப்போடு 1975, 1977. பயிற்சியாளராக நான்கு கோப்பை, ஐயா. 57 வயதில் சிட்னிக்குப் போய், தொடர்ந்து 26 ஆட்டம் தோற்ற அணியையும் தூக்கி நிறுத்தினார். அப்படித்தான் அவர் அந்தக் கோட்டைத் தாண்டினார், ரக்பி ஆட அல்ல.

இது உங்களுக்குப் புதிதும் இல்லை. மெல்பேர்ண் கப் குதிரைப் பந்தயத்தைக் கிரிக்கெட் என்று போட்டீர்கள். எழுதினேன், பதில் இல்லை. என் பொங்கல் கடிதத்தைப் பாதியில் வெட்டி, மீதி இடத்தில் நகைக்கடை விளம்பரம் போட்டீர்கள். சினிமா நட்சத்திரத்தின் நாய்க்கு என்ன பெயர் என்று மட்டும் பிழையில்லாமல் எழுத வருகிறது. 12 வருடச் சந்தாதாரன் என்பதால் கேட்கிறேன், அந்தப் பக்கத்தை அச்சுக்கு அனுப்ப முன் யாராவது வாசிக்கிறார்களா?

பெரிதாக ஒன்றும் வேண்டாம். அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தம் போடுங்கள், 'ரக்பி' இல்லை, ஆஸ்திரேலிய ஃபுட்பால் என்று. சந்தா முடியும் மாதத்தையும் தெரியப்படுத்தவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ட்ராம் கண்டக்டர், மெல்பேர்ண்
(பெயர் வேண்டாம், போன தடவை அதையும் பிழையாகத்தான் போட்டீர்கள்)