சாக்பீஸை முறுக்கச் சொன்ன அண்ணனுக்கு

நேற்று மாலை மதிப்பெண் பட்டியலில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். பேராசிரியராக என் முதல் செமஸ்டர் முடிந்தது. இதை இன்றைக்கே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். மனசு ஆறிய பிறகு எழுதினால் வெறும் உபசார வார்த்தைகளாகிவிடும் என்று பயமாக இருக்கிறது.

ஒன்பதாவது வாரத்தில் என்ன நடந்தது என்பது துறையில் எல்லாருக்கும் தெரியும், என் வகுப்பின் 62 பேருக்கும் தெரியும். முறுக்கினால் சில பொருள்கள் ஏன் 45 பாகை (டிகிரி) சாய்வில் உடைகின்றன என்று வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான், என்னால் சொல்ல முடியவில்லை. அதற்கு மேல் அதை விவரிக்கப் போவதில்லை. அந்த வாரம் ராஜினாமாக் கடிதம் எழுதி மேசை டிராயரில் வைத்திருந்தேன் என்பது மட்டும் பலருக்குத் தெரியாது. அது ஏன் டிராயரை விட்டு வெளியே போகவில்லை என்று சொல்லத்தான் இந்த மடல்.

கம்பி, இரும்பு எல்லாம் எவ்வளவு தாங்கும் என்று உடைத்துப் பார்க்கும் எங்கள் பொருள் சோதனை லேபில் ஓர் அண்ணன் இருக்கிறார். பெயர் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்த வகுப்பு முடிந்த அன்று ஐந்து மணிக்கு மேல் லேபுக்குப் போனேன். அங்கே யாரும் இருக்க மாட்டார்கள் என்பதுதான் காரணம். அவர் மட்டும் முறுக்குச் சோதனை இயந்திரத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஒரு ஸ்டூலைத் துடைத்து நகர்த்திப் போட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து நானேதான் சொன்னேன்: "அந்த 45 டிகிரி ஏன் வருதுன்னு கேட்டாங்க அண்ணா. சமன்பாட்டை மூணு தடவை போட்டுக் காட்டிட்டேன். ஆனா ஏன்னு சொல்ல வரலை."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு, "உங்க கையில என்ன மேடம்?" என்றார்.

பார்த்தேன். வகுப்பிலிருந்து எடுத்து வந்த சாக்பீஸ், புதுசு, முழுசு. பிடித்துக்கொண்டே வந்திருக்கிறேன்.

"ரெண்டு முனையையும் பிடிச்சு, துணி பிழியற மாதிரி முறுக்குங்க. வளைச்சிடாதீங்க. மெதுவா."

முறுக்கினேன். டக்கென்று உடைந்தது. உடைந்த முகம் தட்டையாக இல்லை. சுழல் படிக்கட்டின் ஒரு துண்டுபோலச் சாய்வாக ஏறி, ஓர் ஓரத்தில் கூர்மையாக முடிந்தது. விரலால் தடவிப் பார்க்கச் சொன்னார். தடவினேன். பத்து வருடமாகப் படித்த, பரிட்சை எழுதிய, ஆராய்ச்சிக் கட்டுரையில்கூடப் பயன்படுத்திய அந்த 45 பாகை அன்றைக்குத்தான் முதல்முறையாக என் விரலில் பட்டது.

அப்புறம் அவர் அலமாரியிலிருந்து ஒரு பழைய டப்பாவை எடுத்தார். சோதனைகளில் உடைந்த துண்டுகளையெல்லாம் அதில் சேர்த்து வைத்திருக்கிறார். அதிலிருந்து ஒரு மென்னுருக்கு (மைல்டு ஸ்டீல்) கம்பித் துண்டை என் உள்ளங்கையில் வைத்தார். கம்பியின் மேல் நெடுக யாரோ போட்டிருந்த கோடு முறுக்கத்தில் கொடிபோலப் பல சுற்றுச் சுற்றியிருந்தது. ஆனால் அறுந்த முகமோ ரம்பத்தால் அறுத்ததுபோலத் தட்டை.

"இதுவும் முறுக்கினதுதான் மேடம். இது ஏன் தட்டையா போச்சு, சாக்பீஸ் ஏன் சாய்வா போச்சு? இருபத்தாறு வருஷமா பார்த்துக்கிட்டிருக்கேன். எனக்கு யாரும் சொன்னதில்லை. நீங்க சொல்லுங்க."

அவர் செய்த உதவி இதுதான். ஆறுதல் சொல்லவில்லை, அறிவுரை சொல்லவில்லை. தோற்றுப்போய் வந்து உட்கார்ந்திருந்தவளிடம், தனக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டியிருந்த ஒன்றைக் கேட்டார்.

சொன்னேன். இன்னொரு சாக்பீஸின் மேல் பேனாவால் சின்னதாக ஒரு சதுரம் வரைந்தேன். முறுக்கும்போது இந்தச் சதுரம் சாய்சதுரமாக மாறப் பார்க்கும் அண்ணா, ஒரு மூலைவிட்டம் நீளும், இன்னொன்று குறுகும். நீளுகிற பக்கம் பொருளை இழுக்கிறோம் என்று அர்த்தம். சாக்பீஸுக்கு இழுவை ஆகாது, அதனால் அந்த இழுவைக்குக் குறுக்கே பிளந்துகொள்கிறது. மூலைவிட்டம் 45 பாகையில் இருப்பதால் பிளவும் அந்தச் சாய்வில் சுற்றி வருகிறது. உருக்கு அப்படியில்லை. இழுவையைத் தாங்கிக்கொள்ளும், ஒரு தளம் இன்னொன்றின் மேல் வழுக்குவதைத்தான் தாங்காது. அந்த வழுக்கல் கம்பியின் குறுக்குவெட்டில் உச்சமாக இருக்கிறது, அதனால் அங்கே தட்டையாக அறுகிறது.

கம்பியையும் சாக்பீஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். "அவ்வளவுதானா மேடம்?" என்றார். அப்புறம், "இதையே இப்படியே நாளைக்குச் சொல்லுங்க."

மறுநாள் நான் போவதற்கு முன்பே ஸ்டோரிலிருந்து சாக்பீஸ் பெட்டிகளை வாங்கிவந்து வகுப்பு வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஆளுக்கொன்று கொடுத்தோம். 62 சாக்பீஸ் உடைகிற சத்தம் எப்படியிருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். முந்தைய வகுப்பில் அந்தக் கேள்வியைக் கேட்ட மாணவன் உடைந்த முகத்தைத் தடவிக்கொண்டே, "மேம், ஸ்க்ரூ மாதிரி இருக்கு" என்றான். அதற்குப் பிறகுதான் பலகைப் பக்கம் திரும்பி, பொருளுக்குள் எந்தத் திசையில் எவ்வளவு இழுவை, எவ்வளவு வழுக்கல் என்று காட்ட 1882இல் ஓட்டோ மோர் என்ற ஜெர்மன் பொறியாளர் வரைந்த வட்டத்தைப் போட்டேன். வட்டத்தில் 90 பாகை திரும்பினால் பொருளில் 45 பாகை என்றதும் பாதி வகுப்பு என்னை முந்திக்கொண்டு பதில் சொன்னது.

அந்த வாரத்திலிருந்து ஒரு விஷயம் என்னை விடாமல் தொந்தரவு செய்கிறது. கனடாவில் கியூபெக் பாலம் கட்டிக்கொண்டிருக்கும்போதே 1907 ஆகஸ்ட் 29 அன்று இடிந்து விழுந்து 75 தொழிலாளர்கள் இறந்ததை எல்லாப் பொறியியல் வகுப்பிலும் சொல்கிறோம். பாரத்தைக் குறைத்துக் கணக்கிட்டுவிட்டார்கள் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். ஆனால் விழுவதற்குச் சில நாட்கள் முன்பே, பாலத்தின் பாரத்தைத் தாங்கும் கீழ்த்தண்டுகள் வளைகின்றன என்பதை அங்கே வேலை பார்த்தவர்கள் கண்ணால் பார்த்துவிட்டார்கள். தூரத்தில் இருந்த ஆலோசகப் பொறியாளரிடம் நேரில் போய்ச் சொல்லவும் செய்தார்கள். மேற்கொண்டு பாரம் ஏற்ற வேண்டாம் என்று அவர் அனுப்பிய தந்தி வேலையிடத்துக்கு நேரத்துக்கு வந்து சேரவில்லை. இரும்பைத் தினமும் தொடுகிறவருக்கும் காகிதத்தில் கணக்குப் போடுகிறவருக்கும் நடுவே இருந்த அந்தத் தூரம், என் வகுப்பறைக்கும் லேபுக்கும் நடுவிலும் இருந்தது. ஒரே வராந்தாதான். எட்டு வாரம் நான் அதைக் கடந்து போய் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்காக வருத்தப்படுகிறேன் அண்ணா.

மற்றவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறேன். முதல் மணி வகுப்பைத் தாம் எடுத்துக்கொண்டு எனக்கு மூச்சுவிட நேரம் கொடுத்த துறைத் தலைவருக்கு, கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்து கவனித்துவிட்டு "பலகையோட பேசாதீங்க, அவங்களோட பேசுங்க" என்று சொன்ன மூத்த பேராசிரியருக்கு, விடைத்தாள் திருத்தும்போது இரவு பத்து மணிவரை கூடவே இருந்த பக்கத்து அறைத் தோழிக்கு, ஒன்றும் கேட்காமல் மடிக்கணினியைச் சரிசெய்து கொடுத்த கணினி அறைத் தம்பிக்கு, எல்லாருக்கும் நன்றி.

என் மாணவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த வகுப்புக்குப் பிறகும் மறுநாள் 62 பேரும் வந்திருந்தீர்கள். ஒருவரும் கேலி செய்யவில்லை. பேர் போடாமல் நீங்கள் எழுதிக்கொடுத்த சீட்டுகளை எல்லாம் வைத்திருக்கிறேன். "வேகம் குறைங்க மேம்" என்று 17 சீட்டுகளில் இருந்தது. ஒன்றில் மட்டும் "ஏன்னு கேட்டதுக்கு சாரி மேம்" என்று இருந்தது. அதை எழுதியவருக்கு: நீ மன்னிப்புக் கேட்க வேண்டியதே இல்லை. இந்த செமஸ்டரில் அந்த வகுப்பறையில் கேட்கப்பட்ட மிக நல்ல கேள்வி அது. தயவுசெய்து ஏன் என்று கேட்பதை நிறுத்திவிடாதே.

அடுத்த செமஸ்டருக்கு ஒன்று முடிவு செய்திருக்கிறேன். ஒவ்வொரு பாடத்துக்கும் பலகையில் முதல் வரி எழுதுவதற்கு முன்னால் மாணவர் கையில் ஒரு பொருள் இருக்கும். அது எது என்பதை நானும் லேப் அண்ணனும் சேர்ந்து உட்கார்ந்து தீர்மானிப்போம். அவர் சம்மதித்துவிட்டார்.

டிராயரில் அந்தக் கடிதம் இருந்த இடத்தில் இப்போது உடைந்த சாக்பீஸின் இரண்டு பாதிகள் இருக்கின்றன. பட்டியலைக் கொடுத்துவிட்டு நேற்று லேபுக்குப் போனபோது அவர் டப்பாவிலிருந்து இன்னொரு துண்டை எடுத்து வைத்தார். வார்ப்பிரும்பு, அமுக்கி உடைத்தது. "இது ஏன் மேடம் சாய்வா உடையுது? நேராத்தானே அமுக்கினோம்?"

யோசித்துக்கொண்டிருக்கிறேன் அண்ணா. திங்கட்கிழமை ஐந்து மணிக்கு வருகிறேன்.