செராமிக் மூட்டின் விவரம் நோயாளி கையில் இருக்கட்டும்

ஐயா,

இளம் வயதினருக்குச் செராமிக் இடுப்பு மூட்டு ஏற்றது என்ற தங்கள் மருத்துவப் பக்கக் கட்டுரை, அதன் குறைந்த தேய்மானத்தைச் சரியாகவே எடுத்துரைத்தது. உடைந்தால் என்ன செய்வது என்பதைத்தான் தொடவில்லை. மூட்டின் தலையாக அமையும் இன்றைய அலுமினா-சிர்கோனியா செராமிக் கலவைப் பந்துகள் உடைவது மிக அரிது. ஆயினும் இடுப்பெலும்பில் பதிக்கும் கிண்ணத்துக்குள் லைனர் எனும் உள்ளுறை சற்றே சாய்ந்து அமர்ந்தாலோ, தொடை எலும்புக்குள் இறங்கும் தண்டின் கூம்பு முனையைத் துடைக்காமல் ரத்தமோ எலும்புத் துகளோ ஒட்டியிருக்கப் பந்தை அடித்து இறக்கினாலோ விரிசலுக்கு வழியாகிவிடும். உடைந்ததை எடுத்துவிட்டு உலோகப் பந்தைப் பொருத்துவது பெருந்தவறு. திசுவில் தங்கிய செராமிக் துகள்கள் உலோகத்தை உப்புத்தாள் போல அராவும்; அதிலிருந்து தேய்ந்து ரத்தத்தில் கலக்கும் கோபால்ட் இதயம், செவி, பார்வை வரை பாதிக்கும். மீண்டும் செராமிக்தான் வேண்டும். எலும்பில் விட்டுவைத்த பழைய தண்டின் கூம்பின்மேல் என்றால், உட்புறம் டைட்டானியம் உறையுள்ள செராமிக் பந்து.

மறு அறுவைக்கு வருவோர் பலரின் டிஸ்சார்ஜ் சம்மரியில் "செராமிக்" என்ற ஒற்றைச் சொல்தான் இருக்கிறது. எந்த நிறுவனத்தின் தண்டு, கூம்பு 12/14 எனும் அளவு வகையா, பந்து 32 மி.மீ.யா 36 மி.மீ.யா என்பது தெரியாமல் பொருத்தமான பாகத்தை வரவழைக்க முடியாது. மூட்டுப் பாகங்களின் பெட்டியுடன் வரும், பாக விவரம் அச்சிட்ட ஸ்டிக்கர்களில் ஒரு தொகுதியை டிஸ்சார்ஜ் சம்மரியிலேயே ஒட்டித் தருவதை எல்லா மருத்துவமனைகளுக்கும் அரசு கட்டாயமாக்க வேண்டும்.

- எலும்பு மூட்டு அறுவை மருத்துவர், மதுரை