2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை: ஈஸ்ட்ஹாம் பழைய ஆலயமும் நமது மரபு நடைகளும்

தலைவர் அவர்களுக்கும், நிர்வாக சபையினருக்கும், மழையைப் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டக் குறிப்புகள் ஏற்கனவே உங்கள் கைக்கு வந்துவிட்டன. வரவுசெலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். பொங்கல் விழா, கோடை ஒன்றுகூடல், பிள்ளைகளின் பேச்சுப்போட்டி மூன்றும் வழமைபோல் நடந்தேறின. இந்த அறிக்கையின் பெரும்பகுதியை, பழைய இடங்களைப் பார்க்க நாம் சேர்ந்து போகும் மரபு நடைகளுக்கே ஒதுக்கியிருக்கிறேன். ஈஸ்ட்ஹாம் பழைய ஆலயத்துக்கு நாம் உதவுவது பற்றி இன்று வாக்கெடுப்புக்கு வரும் தீர்மானம் அவற்றிலிருந்து பிறந்தது. அதை எதிர்க்கவென்றே வந்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள்.

கிழக்கு லண்டன் மேனர் பார்க்கின் சேர்ச் ரோட்டுக்குப் போகாதவர் நம்மில் எவருமில்லை. லண்டன் ஸ்ரீ முருகன் கோயில் அங்கேதான் இருக்கிறது. தெருப் பெயரில் உள்ள அந்தச் சேர்ச் எங்கே என்று இளம் உறுப்பினர் ஒருவர் நிர்வாக சபையில் கேட்டார். பல ஆண்டுகளாகத் தேர் பார்க்கப் போய்வரும் பெரியவர்களுக்கும் விடை தெரியவில்லை. லிட்டில் இல்ஃபர்ட் புனித மரியாள் ஆலயம் அதே தெருவில்தான் நிற்கிறது. அதன் நடுக்கூடம் 12ஆம் நூற்றாண்டுக்குரியது. பீடப்பகுதியை 1724இல் திருப்பிக் கட்டினார்கள். முதல் நடை அங்கே நடந்தது. இரண்டாவதாக, கடலோடி கப்டன் குக் 1762இல் திருமணம் செய்துகொண்ட பார்க்கிங் புனித மார்கரெட் ஆலயத்துக்குப் போனோம். இரண்டும் நன்றாகவே அமைந்தன. ஆனால் நம்மைப் பிடித்து நிறுத்தியது மூன்றாவது.

ஹை ஸ்ட்ரீட் சவுத்தில் 101 பஸ்ஸில் போகிறவர்கள் ஏ13 பெருஞ்சாலைக்கு அருகே மரங்களுக்குள் ஒரு குட்டைக் கோபுரத்தைக் கண்டிருப்பீர்கள். அதுதான் புனித மகதலா மரியாள் ஆலயம், பழைய ஈஸ்ட்ஹாம் பங்கின் (திருச்சபை வட்டாரத்தின்) தாய் ஆலயம். 12ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் கட்டியது. முதல்தரப் பாதுகாப்புக் கட்டடமாகப் பட்டியலிடப்பட்டது. இன்றும் அங்கே வழிபாடு நடக்கிறது. சுற்றிலும் ஏறத்தாழ ஒன்பது ஏக்கர் மயானம். 1970களில் அதை இயற்கைக் காப்பகமாக்கினார்கள். அதனால் வாசலிலிருந்து பார்த்தால் கல்லறைகளை விடப் பற்றைகள்தான் அதிகம் தெரியும்.

கட்டடம் மேற்கிலிருந்து கிழக்காக மூன்று அறைகள். மக்கள் நிற்க நடுக்கூடம், அடுத்து குருமார் பகுதி, கடைசியில் பீடம். பீடத்தின் பின்சுவர் தூங்கானை மாடக் கோயில்களில் போல அரைவட்டமாக வளைந்து முடிகிறது. 1066இல் இங்கிலாந்தைக் கைப்பற்றிய நார்மன்களின் காலத்தில் பரவலாகக் கட்டப்பட்ட அமைப்பு இது. பின்வந்த தலைமுறைகள் பெரும்பாலான ஊர்களில் அந்த வளைவை இடித்து, பீடப்பகுதியை நீட்டிச் சதுரமாக்கிவிட்டன. ஆகவே மூன்று அறைகளும் நார்மன் காலத்தவையாகவே எஞ்சிய பங்கு ஆலயங்கள் அரிது. இங்கோ வளைவுக்கு மேலுள்ள கூரை மரங்கள்கூட அந்தக் காலத்தவை. குருமார் பகுதிச் சுவரில் வளைவுகள் ஒன்றையொன்று ஊடறுத்துப் பின்னிச் செல்லும் கல்வேலைப்பாடு உண்டு. பாதி வளைவின்மேல் மற்றப் பாதி ஏறும் இடத்தில் கூரான வளைவு தானாகவே பிறப்பதை நம் பொறியியலாளர் உறுப்பினர் விரல் வைத்துக் காட்டினார். எல்லோரும் அதற்கு முன்னாலேயே நின்றுவிட்டதால் வழிகாட்டியாக வந்த முதியவர் இரண்டு தடவை தொண்டையைச் செருமவேண்டி வந்தது.

கல் எங்கிருந்து வந்தது என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. லண்டன் மண்ணில் களியும் சரளையும்தான் உண்டு, கட்டடக்கல் இல்லை. கென்ட் பகுதியின் சாம்பல் நிறச் சுண்ணக்கல்லைப் படகில் ஏற்றி மெட்வே ஆற்றால் இறக்கி, தேம்ஸால் கொண்டுவருவது ரோமர் காலத்திலிருந்தே இருந்த வழக்கம். அந்தக் கல்லும் சக்கிமுக்கிக் கற்களும் சுவர்களில் கலந்து கிடக்கின்றன. ரோமர் இந்த இடத்தையும் அறிந்திருந்தார்கள். ஆலயத்துக்கு மேற்கே, 1863இல் வடக்குப் பெருங்கழிவுநீர்க் கால்வாய்க்காகத் தோண்டியபோது அவர்களின் கல் சவப்பெட்டியும் ஈயச் சவப்பெட்டிகளும் கிடைத்தன.

இத்தனை முழுமையாக இது எப்படித் தப்பியது? என் கணிப்பு: பணமில்லாததால். சதுப்பு நிலத்தின் ஓரத்தில் இருந்த சிறிய கிராமம் இது. கம்பளி வியாபாரத்தில் கொழுத்த சஃபோக் ஊர்கள் 15ஆம் நூற்றாண்டில் தங்கள் ஆலயங்களைப் பிரித்துப் பெரிதாகக் கட்டின. இங்கே அப்படிச் செலவழிக்க ஆளில்லை. மேற்கே கோபுரம் ஒன்றைச் சேர்த்ததோடு சரி. பிறகு 1891க்கும் 1911க்கும் இடையில் ஈஸ்ட்ஹாமின் சனத்தொகை 32,000இலிருந்து 1,33,000 ஆகப் பாய்ந்தது. வந்தவர்கள் வடக்கே ரயில் நிலையத்தைச் சுற்றிக் குடியேறினார்கள், புதிய ஆலயங்களும் அங்கேயே எழுந்தன. பழையது ஓரமாக ஒதுங்கியதால் எவரும் அதைப் பெருப்பிக்க நினைக்கவில்லை.

உள்ளே பார்க்கத் தவறக்கூடாத ஒன்று எட்மண்ட் நெவில் நினைவுச்சின்னம். கணவனும் மனைவியும் எதிரெதிரே முழந்தாளிட்டிருக்க, கீழே பிள்ளைகள் ஏழு பேர். முதலாம் எலிசபெத் அரசிக்கு எதிரான 1569 வடபுலக் கிளர்ச்சியில் சேர்ந்ததால் வெஸ்ட்மோர்லண்ட் பிரபுப் பட்டம் நெவில் குடும்பத்திடமிருந்து பறிக்கப்பட்டது. எட்மண்ட் அதைத் திரும்பக் கேட்டார், கிடைக்கவில்லை. கல்லில் மட்டும் பட்டத்தைப் பொறித்திருக்கிறது. நம் ஊர்ச் சங்கங்களின் முன்னாள் தலைவர்கள் சிலர் நினைவுக்கு வந்தார்கள்; பெயர் சொல்லமாட்டேன்.

செயலாளர் என்ற முறையில் எனக்கு நெருக்கமானவர் வெளியே மயானத்தில் கிடக்கிறார். ஸ்டோன்ஹெஞ்ச் என்ற தொல்பழங்காலக் கல்வட்டத்தை முறையாக அளந்து ஆராய்ந்த வில்லியம் ஸ்டுக்லி, லண்டன் தொல்பொருள் சங்கத்தின் முதற் செயலாளர். 1765இல் இறந்தார். தன் கல்லறையில் நினைவுக்கல் எதுவும் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டதால் இடத்தைச் சுட்டிக்காட்ட வழியில்லை. சங்க அறிக்கை எழுதுகிறவர்களுக்கு இப்படி ஒரு முன்னோடி பக்கத்திலேயே இருந்திருக்கிறார்.

இனி விவாதத்துக்குரிய பகுதி. “நம் கோயில்களுக்கே காசு போதவில்லை, அவர்களுடைய சேர்ச்சுக்கு நாம் ஏன்?” என்று இரண்டு கூட்டங்களில் கேட்கப்பட்டது. நியாயமான கேள்விதான். ஆனால் இங்கிலாந்துத் திருச்சபையில் பங்கு என்பது எல்லை வகுத்த நிலப்பரப்பு. அதற்குள் வசிக்கும் எவரும், எந்தச் சமயத்தவரானாலும், பங்குவாசிதான். பங்கு ஆலயத்தில் திருமணம் செய்துகொள்ளும் உரிமையும், மயானம் அடக்கத்துக்குத் திறந்திருந்தால் அங்கே அடங்கும் உரிமையும் அவருக்கு உண்டு.

உரிமையோடு கடப்பாடும் இருந்தது. இடைக்கால வழக்கப்படி நடுக்கூடத்தைப் பங்குமக்கள் பழுதுபார்க்க வேண்டும், குருமார் பகுதியைப் பங்கின் வருமானத்தைப் பெறுபவர் பார்க்க வேண்டும். பின்னவருடைய நிலங்கள் கைமாறியபோது கடனும் நிலத்தோடு சென்றது. வார்விக்‌ஷயரில் பண்ணை ஒன்றைப் பெற்ற தம்பதியர் அந்தக் கடனுக்கு ஆளானவர்களே என்று அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 2003இல் தீர்ப்பளித்தது. முடிவில் திருத்தவேலைக்கு மட்டும் 1,86,000 பவுண்டுக்கு மேல் வந்தது. நீங்கள் வீடு வாங்கியபோது சொலிசிட்டரின் (சட்டத்தரணியின்) கணக்கில் சான்சல், அதாவது குருமார் பகுதி, தேடுதல் என்று ஒரு சிறு தொகை இருந்திருக்கும். அதன் வேர் இதுதான். 2013 அக்டோபருக்குள் நிலப் பதிவேட்டில் ஏற்றாத கடப்பாடு, அதன்பின் விலைகொடுத்து வாங்குவோரைக் கட்டாது என்று சட்டம் வந்த பிறகும் அந்தத் தேடுதல் நின்றபாடில்லை. ஆகவே நம்மில் பலர் இடைக்கால ஆலயம் ஒன்றின் பேரில் ஏற்கனவே பணம் கட்டியிருக்கிறோம், காரணம் தெரியாமல்.

இப்போது பழுதுபார்ப்பு பெரும்பாலும் அந்தந்தப் பங்குமக்களின் நன்கொடையில்தான் நிற்கிறது. பட்டியலிட்ட வழிபாட்டிடங்களின் திருத்தவேலைக்கான வாட் வரியைத் திருப்பித்தந்த அரச மானியத்துக்கும் 2025 ஏப்ரலில், இடமொன்றுக்கு ஆண்டுக்கு 25,000 பவுண்டு என்று வரம்பு போட்டார்கள். பெரிய கூரை வேலை ஒன்றுக்கு அந்தத் தொகை போதாமற் போகலாம்.

நிர்வாக சபை முன்வைக்கும் தீர்மானம்: ஆலயப் பொறுப்பாளர்களின் சம்மதத்துடன், வருகையாளருக்கான தமிழ்க் கைநூல் ஒன்றை நம் செலவில் அச்சிட்டுக் கொடுப்பது, பராமரிப்பு நிதிக்குச் சங்கத்தின் பேரில் ஆண்டுதோறும் ஒரு தொகை வழங்குவது, தொகையை இந்தப் பொதுக்கூட்டமே தீர்மானிப்பது. முன்மொழிபவர் தலைவர், வழிமொழிபவர் மகளிர் அணிப் பொறுப்பாளர். கைநூலுக்கு மட்டும் ஆதரவு, நன்கொடைக்கு எதிர்ப்பு என்று சிலர் எழுத்தில் தந்திருப்பதால் இரண்டையும் பிரித்தே வாக்கெடுக்கும்படி தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

நடைகளில் தேநீரும் வடையும் சுமந்துவந்த இளைஞர் அணிக்கு நன்றி. அடுத்த நடை வெஸ்ட்ஹாம் சகல புனிதர் ஆலயத்துக்கு. வர விரும்புவோர் வாசலில் உள்ள தாளில் பெயர் எழுதவும்.

செயலாளர்