பிரிக்பீல்ட்ஸுக்கு முதலில் ஒரு நல்ல நடைபாதை போட்டுக் கொடுங்கள்

பெறுநர்: டத்தோ பண்டார் (மேயர்) அவர்கள், கோலாலம்பூர் மாநகர் மன்றம்

அனுப்புநர்: பிரிக்பீல்ட்ஸ் குடியிருப்பாளர்கள், கடைக்காரர்கள், தினமும் இந்த வழியே நடந்து வேலைக்குப் போகிறவர்கள்

பொருள்: கே.எல். சென்ட்ரலிலிருந்து ஜாலான் தெபிங் வரை இடையில் அறுபடாத நடைபாதை

டத்தோ பண்டார் அவர்களுக்கு வணக்கம்.

நேராகவே விஷயத்துக்கு வருகிறோம். பிரிக்பீல்ட்ஸுக்கு இன்னொரு அலங்கார வளைவு வேண்டாம். சென்ட்ரலில் ரயிலை விட்டு இறங்கும் கண் தெரியாத ஒருவர், யார் கையையும் பிடிக்காமல், ஜாலான் துன் சம்பந்தன் வழியாக ஜாலான் தெபிங்குக்குப் போய்ச் சேரும்படி ஒரு நடைபாதை வேண்டும். அவருக்குச் சரியாக இருக்கும் பாதை, தள்ளுவண்டியில் பிள்ளையை வைத்துத் தள்ளும் அம்மாவுக்கும், முட்டிவலியோடு கோயிலுக்குப் போகும் பாட்டிக்கும், பெட்டியை இழுத்துக்கொண்டு ஓட்டல் தேடும் சுற்றுப்பயணிக்கும் சரியாகத்தான் இருக்கும்.

ஏன் குறிப்பாக இந்த வழி என்றால், மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் தலைமையகம் ஜாலான் தெபிங்கில் இருக்கிறது. 1951இல் தொடங்கிய சங்கம். பயிற்சிக்கென்று வெளி மாநிலங்களிலிருந்து வந்த எத்தனையோ பேர் இங்கேயே வேலை தேடிக்கொண்டு, குடும்பமாகித் தங்கிவிட்டார்கள். இந்தத் தெருக்களில் இருக்கும் மசாஜ் நிலையங்கள் பலவற்றில் அவர்களுடைய உழைப்புதான் ஓடுகிறது. நாட்டிலேயே வெள்ளைப் பிரம்போடு நடப்பவர்களை இவ்வளவு சாதாரணமாகப் பார்க்கக்கூடிய பேட்டை வேறு எது என்று எங்களுக்குத் தெரியவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் பாதை எப்படி இருக்கிறது?

காலுக்குத் தட்டுப்படும் மஞ்சள் ஓடுகள் இருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. நாலு எட்டு நன்றாகப் போகும், அப்புறம் நேராக ஒரு விளக்குத் தூணில் போய் முட்டும். இன்னொரு இடத்தில் கால்வாய் மூடிக்கு முன்னால் நின்றுவிடும், அந்தப் பக்கம் எங்கே தொடர்கிறது என்பது கண் உள்ளவருக்கே தெரியாது. மிச்சத்தின் மேல் மோட்டார் சைக்கிள்கள். போட்டவர் கண்ணால் பார்த்துப் போட்டிருக்கிறார், கண்ணை மூடிக்கொண்டு நடந்து பார்க்கவில்லை. போன மழைக்காலத்தில் எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன், பார்வை இல்லாதவர், எவனோ ஒரு குத்தகையாளர் தோண்டிவிட்டுச் சரியாக மூடாமல் போன பள்ளத்தில் கால் வைத்து, கணுக்கால் பிசகி, வாரக்கணக்கில் வேலைக்குப் போக முடியாமல் கிடந்தார். மசாஜ் தொழிலில் வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் ஏது?

2024 ஆகஸ்ட் 23 அன்று ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் நடைபாதையில் போய்க்கொண்டிருந்த ஆந்திரப் பெண்மணி ஒருவர், திடீரென்று உள்வாங்கிய 8 மீட்டர் பள்ளத்தில் விழுந்தார். நாள்கணக்கில் தேடியும் கிடைக்கவில்லை. அந்தக் காரணம் வேறு, இந்தக் காரணம் வேறு என்பது புரிகிறது. ஆனால் அதற்குப் பிறகு காலடியில் ஓடு ஆடினாலே நெஞ்சு பதறுகிறது. கண் தெரியாதவருக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பணம் வராத இடம் இல்லை இது. 2010 அக்டோபரில் மலேசிய, இந்தியப் பிரதமர்கள் வந்து இங்கே லிட்டில் இந்தியாவைத் திறந்து வைத்தார்கள், 2015 நவம்பரில் மோடி வந்து தோரண வாயிலைத் திறந்தார். வளைவு, வண்ணம், தூண் எல்லாம் வந்தது. படம் எடுக்க அழகாகத்தான் இருக்கிறது. நடப்பதற்கு? சென்ட்ரல் நிலையம் 2001இல் வந்தது, மோனோரயில் 2003இல். இரண்டுக்கும் இடையே கூப்பிடு தூரம்தான். ஆனால் நேராகக் கடந்து போக வழி கிடைத்தது 2014இல், நடுவே பேரங்காடி எழுந்த பிறகு. அதுவரை சாலையோரமாகச் சுற்றித்தான் போனோம். மோனோரயில் வந்து பதினோரு வருடம் கழித்து, கடை போட ஆள் வந்ததும்தான் நடப்பவன் கண்ணில் பட்டான்!

இப்போது கொஞ்சம் சங்கடமான விஷயம். பாதையை அடைப்பவர்களில் பாதிப் பேர் நம் ஆட்கள்தான். பூக்கடை, வடைக்கடை, சட்டி பானை, துணி, தீபாவளி வந்துவிட்டால் கூடாரத்துக்கு மேல் கூடாரம். வெள்ளைப் பிரம்பு பிடித்தவர் கார் ஓடும் சாலையில் இறங்கித்தான் போக வேண்டும். அதற்காக லாரியோடு வந்து மேசையையும் குடையையும் அள்ளிக்கொண்டு போங்கள் என்று கேட்கவில்லை. அப்படி அள்ளினால் அடுத்த வாரம் அதே மேசை அதே இடத்தில் வந்து நிற்கும், இடையில் ஒரு குடும்பத்தின் முதல் போயிருக்கும், பாதை மட்டும் வந்திருக்காது. பூ கட்டும் அக்காவும் வேண்டும், பாதையும் வேண்டும். இரண்டு சக்கர நாற்காலிகள் ஒன்றையொன்று கடக்க 1.8 மீட்டர் அகலம் போதும். அந்த அகலத்தைக் கோடு போட்டு ஒதுக்குங்கள், அதில் யாரும் எதையும் வைக்கக் கூடாது. கோட்டுக்கு இந்தப் பக்கம் அங்காடிக் கடைக்கு எண் போட்ட இடம், தண்ணீர்க் குழாய், லைசென்ஸ். கடைக்காரர்களிடம் பேசிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறோம், நிரந்தரமாக ஓர் இடம் கிடைக்குமென்றால் ஓரடி தள்ளிப் போட அவர்கள் தயார். இடம் போதாத திருப்பங்களில் இரண்டு மூன்று கார் நிறுத்துமிடங்களை எடுத்துவிடுங்கள். இதற்குச் சிலர் கூச்சல் போடுவார்கள், எங்களில் சிலர் உட்பட. பரவாயில்லை.

நிழலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் அத்தாப்பு (ஓலைக் கூரை) வீடுகளை அழித்த பிறகு, செங்கல்லும் ஓடும் வைத்துக் கட்டச் சொன்னார் சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஸ்வெட்டன்ஹாம். அந்தச் செங்கல்லைச் சுட்ட இடம் இது, பெயரே அப்படி வந்ததுதான். அப்படிக் கட்டிய பழைய கடைவீடுகளில் முன்பக்கம் ஐந்தடி விட்டு, மாடியை அதன் மேல் கூரையாக நீட்டினார்கள். வெயிலானாலும் சாயங்கால மழையானாலும் ஒரு கடையிலிருந்து அடுத்த கடைக்கு நனையாமல் போகலாம், மின்சாரம் வேண்டாம், பராமரிப்பும் பெரிதாக இல்லை. இன்று எழும்பும் கோபுரங்கள் தங்கள் வாசலில் கார் வந்து திரும்ப வளைவு வைத்துக்கொள்கின்றன, கீழ்த்தளங்களைக் கார் நிறுத்த எடுத்துக்கொள்கின்றன, நடப்பவனுக்கு மொட்டை வெயிலும் ஒரு சுவரும். இதைத் தடுப்பது உங்கள் கையில் இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸில் இனிமேல் மேம்பாட்டு அனுமதி கேட்டு வரும் எந்தக் கட்டடமானாலும், தெருவை ஒட்டிய பக்கம் முழுவதும் கூரையோடு கூடிய நடைபாதையைப் பக்கத்துக் கட்டடத்தோடு ஒரே மட்டத்தில் இணைத்துக் காட்டினால்தான் அனுமதி என்று நிபந்தனை போடுங்கள். படி வேண்டாம், சரிவு போதும்.

கட்டடம் என்றதும் இன்னொன்று. ஜாலான் ரொசாரியோ பக்கம் 1905இல் கட்டிய 'நூறு குவார்ட்டர்ஸ்' என்ற ஊழியர் குடியிருப்பு இடிபட்டுப் போய்விட்டது. விவேகானந்தா ஆசிரமம் 2014இல் 23 மாடித் திட்டத்திலிருந்து மக்கள் எதிர்ப்பால்தான் தப்பியது. ரயிலடியில் வேலை பார்த்தவர்கள் குடியிருந்த பேட்டையில், ரயிலுக்குப் பக்கத்தில் வாடகை கொடுக்க வசதி உள்ளவர்கள் மட்டும் இருக்கலாம் என்றாகிவிட்டது. சென்ட்ரலில் கூட்டிப் பெருக்குகிறவர் தூரத்திலிருந்து பஸ் மாறி வருகிறார். நிலையத்தைச் சுற்றி உள்ள அரசு நிலத்தில் அடுத்து எது வந்தாலும் அதில் ஒரு பங்கு குறைந்த வாடகை வீடுகளாக இருக்கட்டும். இதை விரிவாகத் தனி மனுவில் கேட்போம்.

சட்டம் புதிதாக எதுவும் வேண்டியதில்லை. 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 26ஆவது பிரிவு பொது இடங்களைப் பயன்படுத்தும் உரிமையைச் சொல்கிறது. எம்.எஸ். 1184 என்ற மலேசியத் தரநிலை, ஓடு, சரிவு, அகலம் எல்லாவற்றுக்கும் அளவு கொடுக்கிறது. மீறினால் தண்டனை என்ன என்று அந்தச் சட்டத்தில் இல்லை, அதனால்தான் உங்களிடம் வந்திருக்கிறோம். தண்டனை இல்லாத சட்டத்துக்கு அனுமதிப் பத்திரத்தில் பல் வைக்க மாநகர் மன்றத்தால் முடியும். தோண்டும் குத்தகையாளரிடம் முன்பணம் வாங்கி வையுங்கள், பாதையைப் பழையபடி போட்டுக் கொடுத்த பிறகு திருப்பிக் கொடுங்கள். 2040க்குள் பயணங்களில் 70 விழுக்காடு பொதுப் போக்குவரத்தில் இருக்க வேண்டும் என்று நகரத்தின் கட்டமைப்புத் திட்டம் சொல்கிறது. ரயிலுக்கு எல்லாரும் நடந்துதானே வர வேண்டும்?

முதல் வேலையாக இதைக் கேட்கிறோம். வரைபடம் போடுவதற்கு முன், உங்கள் பொறியாளரும் திட்ட அதிகாரியும் ஒரு நாள் காலையில் சென்ட்ரலுக்கு வரட்டும். பார்வையற்ற நண்பர்கள் முன்னால் நடப்பார்கள், அதிகாரிகள் பின்னால் வந்து பிரம்பு எங்கெல்லாம் முட்டுகிறது என்று குறித்துக்கொள்ளட்டும். அந்தக் குறிப்பை வைத்து வேலையைத் தொடங்குங்கள். தீபாவளிக் கூடாரங்களுக்கு இடம் ஒதுக்குவதற்கு முன் இது நடந்தால் நல்லது, இடம் ஒதுக்கிய பிறகு கூடாரத்தை நகர்த்து என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். எந்த நாள் என்பதை எழுத்தில் தெரிவிக்கவும், இரண்டு நாள் முன்னதாகச் சொன்னால் போதும், ஆட்களைக் கூட்டி வருவது எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
கீழே கையெழுத்திட்டுள்ள பிரிக்பீல்ட்ஸ் மக்கள்