மேடைக்குக் கீழே ஒரு பிளக் பாயிண்ட்: முந்திரி மாநாடு நடத்துவோருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஏற்பாட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். சென்ற ஆண்டு புதுச்சேரியில் நீங்கள் நடத்திய முந்திரித் தொழில் மாநாட்டில், ஐந்தாவது வரிசை ஓரத்தில் உட்கார்ந்து விடாமல் போனில் தட்டிக்கொண்டிருந்த ஆள் நான்தான். இரண்டாம் நாள் காலை, கழுத்தில் அட்டை மாட்டிய தம்பி ஒருவர் வந்து குனிந்து, "சார், போனை உள்ள வைங்க, மேல சொல்றாங்க" என்றார். வைத்துவிட்டேன். அந்தத் தம்பி மேல் எனக்குக் குறை இல்லை. ஆனால் இந்த ஆண்டு அழைப்பிதழில், அரங்கிலிருந்து நேரலையாக எழுதுவதற்கு அனுமதி இல்லை என்று அச்சடித்தே விட்டீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

கடலூர் மாவட்டம் காடாம்புலியூரில் சின்னதாக ஒரு முந்திரி கம்பெனி வைத்திருக்கிறேன். வறுப்பதும் உடைப்பதும் தொலி உரிப்பதும் தரம் பிரிப்பதும் ஒரே கொட்டகையில் நடக்கிற அளவுதான். உங்கள் மாநாட்டுக் கட்டணம், எங்களிடம் இரண்டு பேர் ஒரு வாரம் கொட்டை உடைக்கிற கூலி. அதனால் எங்கள் பக்கத்துச் சின்ன கம்பெனிக்காரர்கள் சேர்ந்து பணம் போட்டு ஒரே ஓர் ஆளை அனுப்பினார்கள். நெல்லிக்குப்பம், கடலூர் வழியாக இரண்டு பஸ் மாறி வந்த அந்த ஆளின் வேலை, மேடையில் பேசுவதை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நாலு வரி தமிழில் எழுதி அனுப்புவது. ஊரில் அதைப் படிக்க அறுபது எழுபது பேர் காத்திருந்தார்கள். கம்பெனிக்காரர்கள், தோப்பு வைத்திருப்பவர்கள், தரம் பிரிக்கிற பெண்கள்.

முதல் நாள் மதியம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். உங்களில் யாரும் கவனித்திருக்க மாட்டீர்கள்.

ஏற்றுமதித் தரம் பற்றிய அமர்வு. திரையில் ஒரு அட்டவணை. டபிள்யூ 320 என்பதற்கு (முழுப் பருப்பின் அளவைச் சொல்கிற தரப் பெயர் அது, எண் குறையக் குறையப் பருப்பு பெரிசு) நேராக "ஒரு கிலோவுக்கு 300 முதல் 320 பருப்பு" என்று போட்டிருந்தது. நான் அதை அப்படியே தட்டி அனுப்பினேன். அரங்கில் இருநூறு பேர் இருந்திருப்பார்கள், ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. எல்லோருக்கும் அந்தக் கணக்கு மனப்பாடம் என்பதால், திரையில் கிலோ என்று இருந்தாலும் கண் அதைப் பவுண்டு என்றே படித்திருக்கும். எனக்கும் உறைக்கவில்லை. மூன்று நிமிடத்தில் எங்கள் கொட்டகையில் தரம் பிரிக்கிற அக்காவிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. "கிலோவுக்கு 320ன்னா ஒரு பருப்பு மூணு கிராமுக்கு மேல வரும்பா. அது 180-ஐ விடப் பெருசுல்ல? பவுண்டுக்கு இல்ல அந்தக் கணக்கு? கேட்டுப் பாரு."

அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. டபிள்யூ 320 என்றால் ஒரு பவுண்டுக்கு, அதாவது சுமார் 454 கிராமுக்கு, 300 முதல் 320 பருப்பு. கிலோவுக்குப் பார்த்தால் எழுநூறை ஒட்டி வரும். கேள்வி நேரத்தில் எழுந்து கேட்டேன். பேச்சாளர் திரையைத் திரும்பிப் பார்த்தார், சிரித்தார், நன்றி சொன்னார். நீங்கள் கடைசியில் எல்லோருக்கும் கொடுத்த பென் டிரைவில் திருத்திய அட்டவணைதான் இருந்தது. அதைத் திருத்திய ஆள் உங்கள் மாநாட்டுக்கு வரவே இல்லை. கொட்டகையில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நீங்கள் தடுத்திருப்பது இந்தப் போக்குவரத்தைத்தான். அரங்கில் இருப்பது வெளியே கசிந்துவிடுகிறது என்று நினைக்கிறீர்கள். வெளியே இருப்பது உள்ளே வருகிறது என்பதை யோசிக்கவில்லை.

"எல்லாவற்றையும் வீடியோ எடுத்து யூடியூபில் போடுகிறோமே" என்பீர்கள். போட்டீர்கள், ஏழு வாரம் கழித்து. இரண்டு நாள் பேச்சு, அத்தனையும் ஆங்கிலம். வேலை நாளில் அதை உட்கார்ந்து பார்க்க யாருக்கு முடியும்? நாலு வரித் தமிழை டீ குடிக்கிற நேரத்தில் படித்துவிடலாம். மேலே தள்ளிப் பார்த்து, வேண்டியதை மட்டும் நிறுத்திப் படிக்கலாம். அதற்கும் மேலே, ஏழு வாரம் கழித்து வருகிற வீடியோவிடம் எந்த அக்காவும் கேள்வி கேட்க முடியாது.

இரண்டாம் நாள் போனை உள்ளே வைத்த பிறகு நடந்தது அடர் நடவு பற்றிய அமர்வு. எங்கள் பக்கத்துக்கு அது எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியபோது, தாத்தா காலத்து முந்திரியும் பலாவும் ஒரே காலையில் வேரோடு சாய்ந்த தோப்புகள் எங்களுடையவை. அதன் பிறகு விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்து வி.ஆர்.ஐ.-3 ரக முந்திரி ஒட்டுக்கன்று வாங்கி நட்டவர்கள் நிறைய பேர். வழக்கமாக ஏழு மீட்டருக்கு ஏழு மீட்டர், ஹெக்டேருக்கு இருநூறு மரம். அடர் நடவில் ஐந்துக்கு நாலு, ஐந்நூறு மரம். ஆனால் வருடா வருடம் கவாத்து செய்து கிளையை அடக்கி வைக்காவிட்டால் மரத்துக்கு மரம் நிழல் கட்டி, காய்ப்பே போய்விடும். அன்று இரவு இதை நினைவிலிருந்து சொல்ல உட்கார்ந்தேன். ஐந்துக்கு நாலா, நாலுக்கு நாலா என்று எனக்கே குழப்பம். கவாத்து எந்த மாதம் என்று சொன்னார்களே, அது சுத்தமாக மறந்துபோய்விட்டது. கேட்ட உடனே எழுதியிருந்தால் எழுதின இடத்தில் இருந்திருக்கும்.

உடனுக்குடன் எழுதுவது புதுப் பழக்கமும் இல்லை. டீக்கடை வாசலில் ரேடியோ கேட்டு சிலேட்டில் ஸ்கோர் எழுதிப் போட்ட காலம் எனக்குத் தெரியும். 1993-ல் கிரிக்இன்ஃபோ என்ற கிரிக்கெட் இணையதளம் தொடங்கியதும் அதே வேலையாகத்தான்: யாரோ ஆட்டத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்ய, உலகத்தின் எங்கோ ஒரு மூலையில் இருந்த மாணவர்கள் கணினியில் பந்து பந்தாகப் படித்தார்கள். அதனால் மைதானத்தில் டிக்கெட் விற்காமல் போய்விட்டதா? இங்கிலாந்து நீதிமன்றங்களில் 2011 டிசம்பரிலிருந்தே நிருபர்கள் விசாரணையை உள்ளிருந்தபடியே எழுத்தில் அனுப்பலாம். நம் உச்ச நீதிமன்றம் விசாரணையை நேரலையாக ஒளிபரப்பலாம் என்று 2018-ல் தீர்ப்புச் சொல்லி, 2022 செப்டம்பரில் அரசியல் சாசன அமர்வுகளில் தொடங்கியும் வைத்தது. அரசியல் சாசனத்துக்கு இல்லாத ரகசியம் முந்திரிக்கொட்டைக்கு என்ன இருக்கிறது?

சரி, உங்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நானும் தப்பு செய்தவன். முதல் நாள் காலை ஒருவர் கொட்டை இறக்குமதி வரி பற்றிப் பேசினார். 2018 பட்ஜெட்டில் அதை 5 சதவீதத்திலிருந்து 2.5 ஆகக் குறைத்தார்கள் என்றார். நான் அவசரத்தில் புள்ளியை விழுங்கி, 25 என்று அனுப்பிவிட்டேன். தூத்துக்குடித் துறைமுகத்தில் ஆப்பிரிக்கக் கொட்டை இறங்குவதற்குக் காத்திருந்த ஒரு வியாபாரிக்கு அது கை மாறிப் போய், அவர் என்னைக் கூப்பிட்டுக் கத்திய கத்தல் பக்கத்து நாற்காலிக்காரருக்கும் கேட்டது. நாலு நிமிடத்தில் திருத்தினேன். பழைய வரியை அழிக்கவில்லை, அடித்துவிட்டு அதன் கீழேயே சரியானதைப் போட்டேன். முதலில் தப்பைப் படித்தவருக்கும் திருத்தம் கண்ணில் பட வேண்டும் அல்லவா. அப்புறம் போனை உள்ளே வைக்கிற வரை எந்த எண்ணையும் இரண்டு தரம் பார்க்காமல் அனுப்பவில்லை.

எல்லாவற்றையும் எழுத வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. டீ இடைவேளையில் யார் யாரிடம் என்ன விலைக்கு மூட்டை பேசினார் என்பதை நான் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். வெளியிடாத ஆராய்ச்சி முடிவை ஒருவர் காட்டினால் அதுவும் அவர் சொத்து. அமெரிக்காவில் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் 2009-ல் இதே பேச்சு வந்தபோது, கருத்தரங்கிலிருந்து எழுதுகிறவர்கள் பேச்சாளரின் அனுமதி வாங்கிக்கொள்ள வேண்டும் என்று விதி வைத்தார்களே தவிர, எழுதவே கூடாது என்று கதவைச் சாத்தவில்லை. லண்டனில் சாத்தம் ஹவுஸ் என்ற ஆய்வு நிறுவனத்தில் 1927-லிருந்து ஒரு வழக்கம் உண்டு: கூட்டத்தில் கேட்டதை வெளியே சொல்லலாம், சொன்னது யார் என்று சொல்லக் கூடாது. விலை பேசுகிற அமர்வுக்கு அது போதுமே.

சட்டத்தையும் தொட்டுவிடுகிறேன். அழைப்பிதழில் பதிப்புரிமை என்ற சொல்லைப் போட்டிருக்கிறீர்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 52-வது பிரிவில், பொதுவில் நிகழ்த்தும் சொற்பொழிவைப் பற்றிச் செய்தியாக எழுதுவதை நியாயமான பயன்பாடு என்றே வைத்திருக்கிறது. கட்டணம் வாங்கி நடத்துகிற மாநாடு பொதுவா இல்லையா என்று வக்கீல்கள் வாதாடட்டும். வழக்குப் போட எனக்கு நேரமும் இல்லை, அந்த எண்ணமும் இல்லை. அடுத்த மாநாட்டுக்கும் வர வேண்டும், அவ்வளவுதான்.

பேச்சாளர் பதிவுப் படிவத்தில் ஒரு கட்டம் சேருங்கள்: "என் பேச்சை உடனுக்குடன் எழுதலாம் / எழுத வேண்டாம்." வேண்டாம் என்பவர் பேசும்போது நானே போனைப் பைக்குள் வைத்துவிடுகிறேன். எழுதுகிறவர்களுக்கு என்று மேடைக்குக் கீழே ஓரமாக இரண்டு நாற்காலி, பக்கத்தில் ஒரு பிளக் பாயிண்ட். முதல் வரிசை வேண்டாம், அது ஸ்பான்சர்களுக்கு. திரையில் போடுகிற அட்டவணைகளை முன்னாடியே கொடுத்தால் இன்னும் நல்லது, 2.5-ஐ 25 என்று தட்ட மாட்டேன். கேள்வி நேரத்தில் அரங்கில் இல்லாதவர் கேட்கிற ஒரு கேள்விக்கும் இடம் கொடுங்கள், நான் எழுந்து வாசிக்கிறேன்.

இந்த ஆண்டு நிகழ்ச்சி நிரலில் நிறம் பார்த்துப் பருப்பைப் பிரிக்கிற கலர் சார்ட்டர் மெஷினுக்குத் தனி அமர்வே வைத்திருக்கிறீர்கள். அக்காவிடம் காட்டினேன். முறத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "அந்த மெஷினு மணிக்கு எவ்வளவு பிரிக்கும்னு எல்லாரும் சொல்லுவாங்க. பிரிச்சதுல எவ்வளவு தப்பா விழும்னு கேட்டு, அவங்க சொல்றதை அப்பவே எழுதி அனுப்பு."

இப்படிக்கு,
காடாம்புலியூரிலிருந்து,
உங்கள் மாநாட்டின் ஐந்தாவது வரிசைக்காரன்