மரம் கேட்டு வரும் வியாபாரி அண்ணன்மார்களுக்கு

வணக்கம்.

மேலூர், நத்தம், அழகர்கோவில் பக்கத்து ஊர்களுக்கு பைக்கில் வந்து, "அக்கா, மரம் கிரம் கொடுக்கிற மாதிரி இருக்கா?" என்று கேட்கும் வியாபாரிகளுக்கும் புரோக்கர்களுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். யார் பெயரையும் சொல்லப்போவதில்லை. படிக்கும்போது யாருக்காவது உறுத்தினால் நான் ஒன்றும் செய்ய முடியாது.

பெரியாறு கால்வாய்ப் பாசனத்தில் எங்களுக்குக் கொஞ்சம் வயல் இருக்கிறது. அதை ஒட்டி மேட்டில் ஒரு ஏக்கர் புன்செய். அந்த மேட்டிலும் கிணற்று வரப்பிலும் என் மாமனார் தேக்கு வைத்தார். வைத்தது அவர், முதல் மூன்று கோடைக்குக் குடம் சுமந்தது நான். ஒவ்வொரு மரமும் எனக்குத் தனித்தனியாகத் தெரியும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அதில் 22 மரம் கொடுத்தோம். வந்தவர் தோட்டத்தை ஒரு சுற்று சுற்றினார். நாலைந்து மரத்தைக் கையால் தட்டிப் பார்த்தார். டேப்பும் கிடையாது, நூலும் கிடையாது. "பூராவும் சேத்து ஒண்ணு பத்து. வெட்டுக்கூலி, லாரி, பர்மிட்டு எல்லாம் நம்ம பொறுப்பு. நீங்க எதுக்கும் அலைய வேண்டாம்க்கா" என்றார். ஒரு லட்சத்துப் பத்தாயிரம். என் வீட்டுக்காரர் அட்வான்ஸைக் கையில் வாங்கிவிட்டார்.

இரண்டு நாளில் வெட்டி முடித்தார்கள். கட்டைகளைக் கண்மாய்க் கரையில் அடுக்கி வைத்திருந்தார்கள், காலையில் லாரி வரும் என்று. வெட்ட வந்தவர்களில் ஒரு பெரியவர் டீ குடித்துக்கொண்டே எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். கட்டையின் நடுவில் நூலைச் சுற்று. அந்த நூலை நாலாக மடி. மடித்த நீளம் எத்தனை அங்குலமோ அதை அதாலேயே பெருக்கி, கட்டையின் நீளத்தை அடியில் பெருக்கி, 144-ஆல் வகுத்தால் கனஅடி. அவ்வளவுதான். ஐந்தாம் வகுப்புக் கணக்கு.

நான் தையல் தைக்கிறவள். வீட்டில் டேப் இருந்தது, போய் எடுத்து வந்தேன். முதல் கட்டை சுற்றளவு 48 அங்குலம், நீளம் 12 அடி. நாலாக மடித்தால் 12. பன்னிரண்டு பன்னிரண்டு 144, அதைப் பன்னிரண்டால் பெருக்கி 144-ஆல் வகுத்தால் மறுபடி 12 கனஅடி. இருட்டுகிற வரைக்கும் அளந்தேன். ராத்திரி மரக்கடை விலையில் கூட்டிப் பார்த்தபோது தூக்கம் போய்விட்டது. மரக்கடை விலையை நீங்கள் எங்களுக்குத் தர முடியாது, அது தெரியும். அறுப்புக் கூலி, லாரி வாடகை எல்லாம் இருக்கிறது. தோட்டத்துத் தேக்கில் வெளிப்பக்கத்து வெள்ளைக் கட்டை அதிகம், உள்ளே இருக்கிற வைரம் குறைவு. உள்ளே பொந்து இருந்தால் ரம்பத்தில் ஏற்றின பிறகுதான் தெரியும், அந்த நஷ்டமும் உங்களுடையது. இதையெல்லாம் கழித்துப் பார்த்த பிறகும் எங்களுக்கு வந்தது ரொம்பக் குறைவு.

அப்புறம், இந்த நாலு மடிப்புக் கணக்கையே கொஞ்சம் பாருங்கள். அதே கட்டையை உருண்டையாகவே கணக்குப் போட்டால் 15 கனஅடிக்கு மேல் வருகிறது. நூறுக்கு இருபத்தொன்று, இருபத்திரண்டு பங்கு மடிப்பிலேயே கழிந்துவிடுகிறது. உருண்டைக் கட்டையைச் சதுரமாக அறுக்கும்போது ஓரம் வீணாகும் என்பதற்காகத்தான் இந்தக் கழிவு என்று அந்தப் பெரியவரே சொன்னார். ஓரத்துண்டை விறகுக்கு விற்கிறீர்கள். சரி, அது ஊர் வழக்கம், இருக்கட்டும். அதற்கு மேலும் பட்டைக்கு ஒரு கழிவு, வளைவுக்கு ஒரு கழிவு, நூலை இறுக்கிப் பிடிப்பதில் ஒரு கழிவு என்றால் எப்படி? மடித்த நூலில் ஒரே ஒரு அங்குலம் குறைத்துச் சொன்னால் 12 கனஅடி மரம் பத்தாகிவிடும். போட்டுப் பாருங்கள்.

பர்மிட்டுக்கு வருகிறேன். அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் எங்கள் விலை இறங்கிவிடுகிறது. தேக்கு பட்டா நிலத்தில் நின்றதுதான் என்பதற்குக் கிராம நிர்வாக அலுவலரின் சான்று வேண்டும், லாரிக்காரர் வழியில் காட்டுவதற்குச் சீட்டு வேண்டும். 1968-இலேயே வந்த மரப் போக்குவரத்து விதி இது. சவுக்குக்கும் யூகலிப்டஸுக்கும் இந்தக் கெடுபிடி இல்லை. சந்தனம் வேறு கதை, நம் நிலத்தில் வளர்ந்தாலும் வனத்துறை வழியாகத்தான் போகவேண்டும். தேக்கு வைத்திருக்கிறவர்களோ வழக்கு வந்துவிடுமோ, மரத்தைப் பிடித்துவிடுவார்களோ என்று பயந்தே கேட்ட விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். போன வருஷம் என் கொழுந்தனார் மரத்துக்கு நான்தான் பட்டா, சிட்டா எடுத்துக்கொண்டு அலைந்தேன். நாலு நடை ஆனது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசும் கிடையாது.

இன்னொரு விஷயம். அன்று ஒரு மரம் சாய்ந்ததில் சொட்டுநீர்ப் பைப் மூன்று இடத்தில் உடைந்தது, இரண்டு தென்னம்பிள்ளை போனது. "மரம் விழுந்தா அப்படித்தான்க்கா" என்றார்கள். முழங்கால் உயரத்துக்கு அடிக்கட்டையை விட்டு வெட்டினார்கள், அந்த முழங்கால் உயரமும் மரம்தானே? தரையோடு, தண்ணீர் தேங்காமல் சாய்த்து வெட்டியிருந்தால் நல்ல துளிராக வந்திருக்கும். இப்போது சிம்பு சிம்பாக வந்து நிற்கிறது. பூராவும் எடுக்கிறோம் என்றவர்கள் கோணல் மரம் மூன்றை அப்படியே விட்டுவிட்டும் போனார்கள்.

கிணற்றடியில் இன்னும் 14 மரம் நிற்கிறது. இந்த மாசி, பங்குனியில் இலை கொட்டின பிறகு கொடுக்கலாம் என்றிருக்கிறோம். வெட்டினால் தேய்பிறையில்தான், அதில் என் மாமியார் விட்டுக்கொடுக்க மாட்டார். ஒவ்வொரு மரத்துக்கும் பெயின்டில் நம்பர் போட்டு வைத்திருக்கிறேன். குத்துமதிப்பாகக் கேட்க வேண்டாம். கனஅடிக்கு என்ன விலை என்று முதலில் சொல்லுங்கள், வெட்டிப் போட்டதும் என் முன்னால் அளவெடுங்கள், லாரி ஏறுவதற்குள் பணம். பைப் உடைந்தால் அதற்கும் பேசிக்கொள்வோம். சீட்டுக்கு நான் அலைந்துகொள்கிறேன்.

டேப் கொண்டுவர மறந்துவிட்டால் பரவாயில்லை, வீட்டில் இருக்கிறது.

இப்படிக்கு,
மேலூர்ப் பக்கத்திலிருந்து தேக்குக்குக் குடம் சுமந்தவள்